எண்ணெய் காய்ச்சும் அடுப்பு

ராஜாராமன் வீட்டுப் பூனைக்குக் கண் தெரியவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது ராஜாராமன் இல்லை. அவர் மகள் ரோஹிணி. மேடவாக்கத்தில் ஒன்பதாவது மாடியில் குடியிருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் சேலையூருக்கு வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகிறவள். அன்று வந்தவள் ஹால் நடுவில் பையைப் போட்டாள். பூனை நேராக நடந்து வந்து பையில் முட்டிக்கொண்டது. கொஞ்சம் யோசித்தது. சுற்றிக்கொண்டு போய் நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டது.

"அப்பா, பூசணிக்குக் கண்ணு தெரியல போலிருக்கே."

"வயசாயிடுத்தோல்லியோ. எனக்கே தெரியல," என்றார் ராஜாராமன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

ரோஹிணி பூனையின் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தாள். கண்கள் இரண்டும் விரிந்து கறுத்துப் பளபளத்தன. ஆனால் எதையும் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே இரைந்துகொண்டு போனது. முன்பெல்லாம் பூசணி ஜன்னலில் உட்கார்ந்து, விமானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தலையைத் திருப்பித் திருப்பி வழியனுப்பும். இன்று காது மட்டும் திரும்பியது. ராஜாராமன் பேப்பரை மடித்து வைத்தார்.

பூசணி என்று பெயர் வைத்தவள் அவர் மனைவி சாவித்ரி. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், கொல்லையில் பூசணிக்கொடிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. நிறமும் ஏறக்குறைய அந்த நிறம்தான். "ரெண்டு நாள் பால் விட்டுட்டு அனுப்பிடலாம்," என்றாள் சாவித்ரி. அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

ராஜாராமன் ரயில்வேயில் வரைபடப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் கோடு போட்டு ஓய்வு பெற்றவர். கோடு என்றால் அவருக்குக் கோடுதான். பூனைக்கும் போட்டார். பூஜை அறைக்குள் வரக்கூடாது. சமையல் மேடையில் ஏறக்கூடாது. காலையில் பால், மத்தியானம் தயிர் சாதம், ராத்திரி பருப்பு சாதம். அந்த வீட்டில் மற்றவர்களுக்கு என்னவோ அதுதான் அதற்கும். பூசணி எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டது. கட்டளையிடாததற்கும் கட்டுப்பட்டது: மூஞ்சூறு எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டது. ராஜாராமனுக்கு இதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தண்ணீர் லாரி வரவில்லை என்று புகார் சொல்ல வருகிறவர்கள்கூட, பூனைக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

"எங்காத்துப் பூனை சுத்த சைவம். சகவாச விசேஷம்," என்பார்.

சங்கத் தலைவர் பக்தவச்சலம், "போன ஜென்மத்துல யாரோ பெரியவரா இருந்திருக்கணும்," என்று ஆமோதிப்பார். பக்தவச்சலத்துக்கு எதையாவது ஆமோதித்தால்தான் அன்றைய பொழுது போகும்.

சாவித்ரி போய் இரண்டு வருஷமாகிறது. மார்வலி என்றாள், ஆட்டோ கூப்பிடப் போன ராஜாராமன் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் சமைக்கக் கற்றுக்கொண்டார், துணி மடிக்கக் கற்றுக்கொண்டார். பூனை விஷயத்தில் மட்டும் புதிதாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. சாவித்ரி வைத்த அதே எவர்சில்வர் தட்டு, அதே தயிர் சாதம், அவள் பிசைந்த மாதிரியே விரலால் மசித்து. ஒரு வேளை தப்பவில்லை. உறவுக்காரர்கள் பார்த்து மெச்சினார்கள்.

காலையில் பத்தரைக்குச் சங்கத்துக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்பும் வழக்கத்தையும் விட்டுவிட்டார். காலையில் வீட்டிலேயே இருந்ததில்தான் ஒன்றைக் கவனித்தார். பதினோரு மணி ஆனதும் பூசணி எழுந்து கொல்லைக் கதவுக்குப் போகும். வாலைக் காலைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, கதவைப் பார்த்து நிமிர்ந்து உட்காரும். பன்னிரண்டு வரைக்கும் அசையாது. அப்புறம் எழுந்து வந்துவிடும். தினமும்.

அது சாவித்ரிக்காகக் காத்திருக்கிறது என்று ராஜாராமன் தீர்மானித்தார். அந்த நேரத்துக்கு அவள் கொல்லையில் துணி உலர்த்துவாளாயிருக்கும். "மனுஷா மறந்துடறா. வாயில்லா ஜீவன் மறக்கல," என்று வருகிறவர்களிடம் சொல்லுவார். சில நாள் தானும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பூனைக்குப் பக்கத்தில் உட்காருவார். பதினோரு மணிக்குச் சாவித்ரி வருவாள் என்று எதிர்பார்க்க உலகத்தில் இரண்டு பேர் மிச்சம் இருந்தார்கள். அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கேம்ப் ரோடு பக்கத்தில் கால்நடை மருத்துவர் ஜெயசீலியின் கிளினிக். ரோஹிணி அப்பாவையும் பூனையையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். டாக்டர் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நெஞ்சில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டார். ஸ்கேன் எடுத்தார். கடைசியில், "என்ன சாப்பாடு கொடுக்கறீங்க?" என்றார்.

ராஜாராமன் சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"பூனைக்கு மாமிசத்திலிருந்து மட்டுமே கிடைக்கிற ஒரு சத்து உண்டு சார். அது இல்லாட்டி முதல்ல கண் போகும். அப்புறம் இதயம் வீங்கும். கண் இனிமே வராது. இதயத்தை இப்ப பிடிச்சா காப்பாத்தலாம். இல்லேன்னா மூணு மாசம் தாங்கறதே கஷ்டம்."

"பதிமூணு வருஷமா இதே சாப்பாடுதானே டாக்டர், அது சாப்பிடறது. நன்னாத்தானே இருந்தது?"

டாக்டர் தலையை ஆட்டினார். "பதிமூணு வருஷம் வெறும் தயிர் சாதத்துல ஒரு பூனை இருக்க முடியாது சார். எப்பவோ போயிருக்கும். இது ஒண்ணரை, ரெண்டு வருஷமா நடந்த கதை மாதிரி இருக்கு. அதுக்கு முன்னால இதுக்கு எங்கேயோ கிடைச்சிருக்கு."

டாக்டரம்மா சின்னப் பெண், அனுபவம் போதாது என்று ராஜாராமன் மனத்துக்குள் முடிவு கட்டினார். ஆனால் அந்த 'ரெண்டு வருஷம்' செருப்பில் புகுந்த கல்லாக வீடு வரைக்கும் கூடவே வந்தது.

டாக்டர் ஒரு பொடி கொடுத்திருந்தார். மீனிலோ கறியிலோ கலந்து கொடுக்கச் சொல்லியிருந்தார். ராஜாராமன் தயிர் சாதத்தில் கலந்தார். பூசணி மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ரோஹிணி டப்பாவில் அடைத்த பூனைச் சாப்பாடு நாலு தினுசு வரவழைத்தாள். ஒவ்வொன்றையும் பூசணி நிதானமாக விசாரித்து நிராகரித்தது. தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொல்லியிருந்தார் டாக்டர். முப்பதைத் தாண்டக் கூடாதாம். ராஜாராமன் பழைய கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு எண்ணினார். முப்பத்தெட்டு. மறுநாள் நாற்பத்தொன்று.

"நான் வேணா அங்க எடுத்துண்டு போறேன்பா. சிக்கன் வேகவெச்சுக் குடுக்கறேன்," என்றாள் ரோஹிணி. அவள் வீட்டில் அதெல்லாம் நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் இருவருக்குமே நல்ல பழக்கம்.

"உங்கம்மாவோட பூனை. இந்த ஆத்துலதான் இருக்கும்."

"அப்போ இந்த ஆத்துக்கு மீன் வரணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுப்பா."

ராஜாராமன் பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொண்டார். பூனை போய்விட்டால் பதினோரு மணிக்கு அந்தக் கதவுக்குப் பக்கத்தில் தான் ஒருவர்தான் மிஞ்சுவோம் என்பது மட்டும் தெரிந்தது. ரோஹிணி கோபத்தோடு கிளம்பிப் போனாள்.

மறுநாள் மேல்தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. கொல்லையில் கிணற்றடியை ஒட்டி ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு மோட்டார் அறை உண்டு. ராஜாராமன் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஃப்யூஸ்தான் போயிருந்தது. மாற்றிவிட்டுத் திரும்பும்போது, மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்த மின்சாரக் காயில் அடுப்பு காலில் பட்டது. அது சாவித்ரியின் அடுப்பு. தலைக்கு எண்ணெய் காய்ச்சுவதற்கென்று தனியாக வைத்திருந்தாள். வீட்டுக்குள் காய்ச்சினால் வாடை என்பாள். அவர் சங்கத்திலிருந்து திரும்பும் சில நாட்களில் கொல்லையில் ஏதோ வாடை அடிக்கும். கேட்டால், "எண்ணெய் காய்ச்சினேன்" என்பாள். அவரும் சரி என்பார்.

அங்கேயே நின்றார். மாதாமாதம் கடையில் தேங்காயெண்ணெய் பாட்டில் வாங்கி வந்தது அவர்தான். கல்யாணமான நாளிலிருந்து சாவித்ரியின் தலையில் அந்த எண்ணெயைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததில்லை.

சாக்கை விலக்கினார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலுமினியப் பாத்திரம், ஒரு கொட்டாங்கச்சி. பாத்திரத்தின் விளிம்பில் ஏதோ மினுங்கியது. நகத்தால் சுரண்டி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். மீன் செதில் இவ்வளவு மெல்லியதாக, இவ்வளவு அழகாக இருக்கும் என்று அறுபத்தொன்பது வயது வரைக்கும் அவருக்குத் தெரியாது.

அப்போதுதான் சாவித்ரியின் பத்தாம் நாள் காரியம் ஞாபகம் வந்தது. வீடு முழுக்க உறவுக்காரர்கள், கூடத்தில் சாஸ்திரிகள். பதினோரு மணிக்குக் கொல்லைச் சந்தில் ஒரு மீன்காரி, தலையில் கூடையோடு கதவைத் தட்டினாள். "ஊருக்குப் பூட்டு இன்னிக்குதான் சார் வந்தேன். அம்மா இல்லியா?" என்றாள். அம்மா காலமாகிவிட்டாள் என்று சொன்னதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். இவள் எதற்கு அழுகிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. உள்ளேயிருந்து யாரோ மூக்கைச் சுளித்தார்கள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ராஜாராமன் கையைத் தூக்கித் தடுத்தார். இந்த வீட்டுப் பக்கம் மீனெல்லாம் கொண்டு வரக்கூடாது, இனிமேல் இந்தத் தெருவுக்கே வராதே என்றார். அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் செயலாளர் என்ற முறையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பக்தவச்சலம் ஆமோதித்தார். தெருமுனையில் பலகை வைத்தார்கள்: 'இத்தெருவில் மீன் விற்க அனுமதி இல்லை.' எழுத்தின் அளவு, இடைவெளி எல்லாம் ராஜாராமன் ஸ்கேல் வைத்து வரைந்து கொடுத்தது.

அவள் பெயர் முத்தாலம்மாள். அயர்ன் வண்டிக்காரரிடம் விசாரித்ததில் தெரிந்தது. கோவளத்துப் பக்கம் குப்பத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருகிறவள். இப்போது தாம்பரம் மார்க்கெட்டில் தரையில் கடை போட்டிருக்கிறாள். ராஜாராமன் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினார். மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொள்ளக் கூடாது என்று வழியெல்லாம் தீர்மானம் செய்திருந்தார். வைத்துக்கொள்ளவில்லை, மூச்சைத்தான் பிடித்துக்கொண்டார்.

அவள் அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். எழுந்திருக்கவில்லை. "இன்னா சார், இம்மாந்தூரம்?" என்றாள்.

"பூனைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அது இன்னும் உசுரோட கீதா சார்?"

"இருக்கு. கண்ணு போயிடுத்து."

முத்தாலம்மாள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். டாக்டர் சொன்னதை எல்லாம் ராஜாராமன் ஒரு குறிப்புக்கூட விடாமல் சொன்னார்.

"பதினோரு வர்சமா நான்தான் சார் குட்த்துகினு இருந்தேன். காரப்பொடி மீனு. அது கெடைக்காங்காட்டி நெத்திலி. மொதல்ல அம்மா மூக்கைப் பொத்திகினு தூர நிக்கும், நான்தான் வேகவெச்சுப் போடுவேன். அப்பால மெல்ல மெல்ல அவங்களே முள்ளு எடுத்துப் போட ஆரம்பிச்சாங்க. எனுக்குக் காப்பி போட்டுக் குடுத்துட்டு, அது துன்றதயே பாத்துகினு குந்தியிருப்பாங்க. அன்னிக்கு இதச் சொல்லத்தான் சார் வந்தேன். அம்மா பூட்டாங்க, பூனைக்காச்சும் நான் தெனம் கொண்டாந்து போடறேன்னு. நீங்க கையக் காமிச்சிட்டீங்க. அப்பால போர்டும் வெச்சிட்டீங்க."

"எங்கிட்ட அவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் ராஜாராமன். அது முத்தாலம்மாளிடம் கேட்ட கேள்வி இல்லை. ஆனால் அவளிடம் பதில் இருந்தது.

"நானும் கேட்டேன் சார். சார் கோச்சுக்குவாரான்னு. 'கோச்சுக்க மாட்டார் முத்தாலு, மன்னிச்சுடுவார். ஒரு தடவையோட விட்டாப் பரவாயில்ல. தினம் காலம்பற எழுந்து மன்னிப்பார். அதை என்னால தாங்க முடியாது'ன்னாங்க."

சுற்றிலும் மார்க்கெட் இரைந்துகொண்டிருந்தது. மேம்பாலத்தில் பஸ்கள் ஏறி இறங்கின. ராஜாராமன் நின்ற இடத்திலேயே நின்றார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை, காஞ்சிபுரம் போகிற அவசரத்தில் சாவித்ரி காஸை அணைக்காமல் வந்துவிட்டாள். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, பெருந்தன்மையாக மன்னித்தார். அவள் சாவதற்கு முந்தின பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போதும் அந்த மன்னிப்பை அவர் ஞாபகப்படுத்தியிருந்தார். அவமானமாக இருந்தது. மீன் வாங்க வந்ததில் இல்லாத அவமானம்.

முத்தாலம்மாள் கேட்காமலே காரப்பொடியை அள்ளி, தலையைக் கிள்ளி, அலசி, பையில் போட்டுக் கொடுத்தாள். "தண்ணி கொஞ்சமா ஊத்தி வேகவெய்யி சார். அந்தத் தண்ணியக் கொட்டிடாத, அதோட சேத்துக் குடு. முள்ளு பத்திரம்."

மோட்டார் அறையில் அடுப்பு இன்னும் வேலை செய்தது. கம்பி சிவந்தது. பாத்திரத்தில் மீனைப் போட்டுவிட்டு, ராஜாராமன் அறை வாசலில் நின்றுகொண்டார். வாடை கிளம்பியது. பூசணி வீட்டுக்குள், அந்தக் கோடியில் ஹால் சோபாவுக்கு அடியில் படுத்துக் கிடந்தது. இரண்டு நாளாக எழுந்திருக்கவே யோசிக்கும் பூனை. தண்ணீர் கொதிப்பதற்குள் கொல்லைக் கதவில் வந்து நின்றது. படியிறங்கியது. துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு, கிணற்றடி வாளியை விட்டு ஒதுங்கி, எதிலும் ஒரு தரம்கூட முட்டிக்கொள்ளாமல் நேராக மோட்டார் அறைக்கு நடந்து வந்தது. அந்த வழிக்கு அதற்குக் கண் தேவைப்படவில்லை.

ராஜாராமன் முள்ளை எடுத்தார். டாக்டரின் பொடியைக் கலந்து கொட்டாங்கச்சியில் வைத்தார். பூசணி தொண்டைக்குள் உறுமிக்கொண்டே தின்றது. பதின்மூன்று வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதில்லை. சாவித்ரி கேட்டிருக்கிறாள், முத்தாலம்மாள் கேட்டிருக்கிறாள். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. பூனை கொட்டாங்கச்சியை நக்கி முடித்துவிட்டு அவர் விரலையும் நக்கியது.

முதல் வாரம் ஒவ்வொரு நாளும் அதற்குப் பிறகு குளித்தார். இரண்டாம் வாரம் கால் அலம்பிக்கொண்டார். அப்புறம் கை மட்டும். மூச்சு முப்பத்தாறுக்கு வந்து, முப்பத்திரண்டுக்கு வந்து, இருபத்தேழில் நின்றது. டாக்டர் ஜெயசீலி நெஞ்சைக் கேட்டுவிட்டு, இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஓடும் என்றார். ரோஹிணி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாள். போகும்போது அப்பாவின் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள்.

ஒரு விஷயத்தை ராஜாராமன் யாரிடமும் சொல்லவில்லை. பூசணி இப்போதெல்லாம் கொல்லைக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து காத்திருப்பதில்லை. பதினோரு மணிக்குத் தின்றுவிட்டு, வெயில் படுகிற இடத்தில் சுருண்டு தூங்கிவிடுகிறது. ஆக, இரண்டு வருஷமாக அது காத்திருந்தது சாவித்ரிக்காக இல்லை. காரப்பொடிக்காக. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆள் கண்ணீர் விட்டுக்கொண்டே அதைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். முக்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

தாம்பரத்துக்கு அலைவது முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஸ்க்ரூட்ரைவர் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய், பலகையின் நாலு திருகையும் கழற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து மோட்டார் அறையில் சாத்தி வைத்தார். மறுநாளிலிருந்து முத்தாலம்மாள் பின்பக்கச் சந்து வழியாக வர ஆரம்பித்தாள். காப்பி சாவித்ரி போடுகிற மாதிரி இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் பக்தவச்சலம் வந்தார். வாசலில் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராததால் பக்கவாட்டாக நடந்து கொல்லைக்கே வந்துவிட்டார். முத்தாலம்மாள் அப்போதுதான் போயிருந்தாள். அடுப்பில் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. ராஜாராமன் மோட்டார் அறைக் கதவைச் சட்டென்று முக்கால்வாசி சாத்தினார்.

"தெருமுனைல போர்டைக் காணோமே சார்," என்றார் பக்தவச்சலம்.

"துருப்பிடிச்சிருந்தது. கழட்டி வெச்சிருக்கேன்."

"நல்லது." பக்தவச்சலம் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். கதவைப் பார்த்தார். கதவடியில் வாலைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பூசணியைப் பார்த்தார். "ஏதோ வாடை அடிக்கறதே?"

பதில் ராஜாராமன் வாயில் தயாராக இருந்தது. யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"எண்ணெய் காய்ச்சறேன். தலைக்கு."

பக்தவச்சலத்தின் பார்வை மெல்ல மேலே போய், பத்து வருஷமாக ஒரு முடிகூட இல்லாத ராஜாராமனின் தலையில் நின்றது. வெயிலில் அது பளபளத்துக்கொண்டிருந்தது.

"நல்ல பழக்கம்," என்று ஆமோதித்தார். "உடம்புக்குக் குளிர்ச்சி." தண்ணீர் லாரியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

ராஜாராமன் பாத்திரத்தை இறக்கினார். பக்தவச்சலம் நம்பிவிட்டாரா, நம்பின மாதிரி போனாரா என்று யோசித்துக்கொண்டே முள்ளை எடுத்தார். பாதி மீனில் கை நின்றது. பதினோரு வருஷம், அதில் ஏழு வருஷம் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தவை. எத்தனை நாள் இந்த வாடையைப் பிடித்திருக்கிறார், எத்தனை நாள் கேட்டிருக்கிறார். "எண்ணெய் காய்ச்சினேன்" என்று அவள் சொன்னபோது தான் உண்மையிலேயே நம்பினோமா என்று இப்போது அவருக்கே தெரியவில்லை. நம்பாமலே நம்பின மாதிரி இருந்திருந்தால், அவள் இருக்கும்போதே ஒரு நாள் கொல்லைப் பக்கம் வந்து நின்றிருக்கலாம். மூவருமாக உட்கார்ந்து பூனை தின்பதைப் பார்த்திருக்கலாம்.

பூசணி அவர் காலில் தலையால் முட்டியது. இந்தத் தடவை தெரியாமல் முட்டவில்லை. அவர் மிச்ச முள்ளையும் எடுத்துக் கொட்டாங்கச்சியை அதன் முன்னால் வைத்தார்.